பி சைடில் மிச்சமிருந்த மூன்று நிமிடம்

பொன்னாடை என்று பெயர்தானே தவிர அதில் பொன்னும் இல்லை, ஆடை என்று சொல்லும்படியும் ஒன்றுமில்லை, கழுத்தில் அறுக்கிற நைலான் நூலும் பிளாஸ்டிக் உறையிலிருந்து அப்போதுதான் உருவிய வாடையும்தான், அதை எடுத்துக் கீழே வைத்தால் போர்த்தியவர் மனம் நோகும் என்று உலகநாதன் பதினொன்றரை மணியிலிருந்து அப்படியே உட்கார்ந்திருந்தார், கழுத்து மடிப்பில் வியர்வை சேர்ந்து சந்தன வில்லையின் பிசுக்கோடு கலந்து முதுகுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது, திருச்சி பேருந்து நிலையத்துக்கு எதிரே இருக்கும் ஓட்டலின் மாடி அரங்கு, ஏசி இருக்கிறது என்று அழைப்பிதழில் போட்டிருந்தார்கள், இருக்கிறது, கீழே சமையலறையிலிருந்து சாம்பார் வாசனையை உறிஞ்சி மேலே ஊதுவதற்கென்றே இருக்கிறது. மேடையில் அவருக்குப் பின்னால் அவருடைய முகமே எட்டடி உயரத்தில் தொங்கியது, திரும்பிப் பார்க்காவிட்டாலும் அதன் மூக்கில் உள்ள துளைகள் பிடரியில் படுவதுபோல் இருந்தது. அவருடைய பேய்க்கதைத் தொகுப்பு வந்து இருபத்தைந்து ஆண்டு ஆகிவிட்டதாம், கெட்டி அட்டையில் புதுப்பதிப்பு, அதற்குத்தான் இந்த ஞாயிற்றுக்கிழமைக் காலையைக் கெடுத்துக்கொண்டு நாற்பது பேர் வந்திருக்கிறார்கள், அதில் பத்துப் பேர் வடைக்கு. மைக்கில் விமர்சகர் பரஞ்சோதி பேசிக்கொண்டிருந்தார். பரஞ்சோதிக்கு வாயோரத்தில் வெள்ளையாக எச்சில் நுரை சேரும், ஒவ்வொரு 'ப'வுக்கும் அது நீண்டு சுருங்கும், உலகநாதனால் அதிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை, எடுத்தால் மூன்றாவது வரிசைக்குப் போய்விடும், மூன்றாவது வரிசையில் சுவரோரம் அந்தப் பெண் உட்கார்ந்திருந்தாள்.

பெயர் அமலி என்று சொன்னாள். முப்பத்தைந்து நாற்பது இருக்கும், பருத்திச் சேலை, மடியில் ஒரு துணிப்பை, அதைக் கைக்குழந்தை மாதிரி இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். வாசலில் மாலையோடு ஆட்கள் காத்திருக்கும்போது குறுக்கே வந்து நின்றாள். "சார், நான் பொன்மலை ராயப்பன் பொண்ணு. ரெக்கார்டிங் கடை ராயப்பன்." உலகநாதன் தெரியாத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார், அந்த முகம் அவருக்குக் கூப்பிட்டவுடன் வரும், பல வருடப் பழக்கம். "அப்பா போன தை மாசம் இறந்துட்டாங்க சார்." "அப்படியா, பாவம்." "கடைசியா உங்க கட்டுரையை நான்தான் படிச்சுக் காட்டுனேன். அந்தப் பத்துப் பாட்டு, பேய்ப் புஸ்தகம் எல்லாம் எழுதியிருந்தீங்களே, அது. முதல் பாட்டு வந்ததும் சிரிச்சாங்க, ரொம்ப நேரம் சிரிச்சாங்க, அப்புறம் இருமல் வந்துருச்சு. உங்களை எங்கயாவது பார்த்தா ஒன்னே ஒன்னு கேக்கச் சொன்னாங்க. புடிச்சிருந்துச்சான்னு." "எதும்மா?" என்றார் உலகநாதன். "எதுன்னு கேட்டா அவருக்குத் தெரியும்னாங்க." "பிறகு பேசலாம்மா, விழா முடியட்டும்," என்று சொல்லி அவள் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டு மாலையை நோக்கி நடந்தார், தட்டிக்கொடுத்த கை இப்போதும் அருவருப்பாக இருந்தது, கைக்குட்டையில் துடைத்தும் போகவில்லை, அந்தத் தட்டலில் எவ்வளவு பெரிய மனிதத்தனம், எவ்வளவு தாராளம், நல்ல எழுத்தாளர், ஏழை வாசகியின் தோளைத் தட்டுகிறார். எதும்மா என்று கேட்டதுதான் அதைவிட மோசம். எதுவென்று தெரியாதா உனக்கு.

பரஞ்சோதி அந்தக் கட்டுரைக்குத்தான் வந்துகொண்டிருந்தார், தெரிந்தது, கையில் பத்திரிகையைச் சுருட்டி வைத்திருந்தார். 'என்னை எழுதவைத்த, நீங்கள் கேள்விப்படாத பத்து.' பத்திரிகைக்காரர்கள் கேட்டபோது உலகநாதன் ஒரே மாலையில் எழுதிக் கொடுத்தார், ஐந்து ராக் இசைத்தட்டு, ஐந்து திகில் புத்தகம், எல்லோருக்கும் தெரிந்த பெயரைப் போட்டால் மதிப்பில்லை, யாருக்குமே தெரியாததைத் தோண்டி எடுத்துக் கொடுத்தால்தான் ஆளைப் பற்றி ஒரு வாய் பேசுவார்கள். ஒன்பது உண்மை. முதலாவது பொய். பிளாக் சைடிங் என்று ஒரு குழு, இங்கிலாந்தின் வடக்கே ஏதோ நிலக்கரி ஊர், இரும்பில் இரும்பை அடித்துத்தான் தாளம், எழுபத்திரண்டில் ஒரே ஒரு இசைத்தட்டு, இருநூறு பிரதிதான் போட்டார்கள், பாடியவன் அடுத்த வருடமே காணாமல் போனான். எழுதும்போது என்ன சுகமாக வந்தது. இருநூறா, முன்னூறா என்று யோசித்து இருநூறே நம்பும்படி இருக்கிறது என்று முடிவு செய்ததும், காணாமல் போனான் என்று எழுதிவிட்டு ஒரு காப்பி குடித்ததும் நினைவுக்கு வந்தது. கட்டுரை வந்த ஒரு வாரத்தில் பிள்ளைகள் இணையத்தில் தேடத் தொடங்கினார்கள், ஒருவன் தனக்குக் கிடைத்துவிட்டது என்றான், இன்னொருவன் கேட்டேன், முதல் பக்கம் அபாரம், இரண்டாம் பக்கம் கொஞ்சம் தொய்வு என்று விமர்சனமே எழுதிவிட்டான். இப்போது பரஞ்சோதி மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, "பிளாக் சைடிங்கை நான் தொண்ணூறுகளிலேயே டில்லியில் ஒரு நண்பர் வீட்டில் கேட்டிருக்கிறேன்," என்றார். நுரை நீண்டு சுருங்கியது. "அந்தக் கரகரப்பை, அந்தத் தொழிற்சாலைத் தனிமையை, உலகநாதன் காவிரிக்கரைக்குக் கடத்திக்கொண்டு வந்தார்." கைதட்டினார்கள். உலகநாதனும் தலையைத் தாழ்த்தி ஏற்றுக்கொண்டார், கடத்திக்கொண்டு வந்தார் என்பது மட்டும் சரி, மத்தபடி இந்த ஆள் எவ்வளவு கூசாமல் புளுகுகிறான் என்று நினைத்தார், நினைத்த கையோடு, கூசாமல் புளுகுவதைப் பற்றி நீ பேசுகிறாயா என்று உள்ளே ஒன்று கேட்டது. மூன்றாவது வரிசையில் அமலி கைதட்டவில்லை, பையைப் பிடித்திருந்ததால் இருக்கலாம்.

பொன்மலைச் சந்தைக்குப் பின்னால், ஆட்டுக்கறிக் கடையை ஒட்டி இருந்தது ராயப்பனின் கடை, நடுவே ஒரு தட்டிதான், இந்தப் பக்கம் கிடார், அந்தப் பக்கம் கத்தி. பகலில் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேகன் பழுதுபார்க்கிற வேலை, ஐந்து மணிச் சங்கு ஊதியதும் கடையைத் திறப்பார். கேசட் கடை என்றால் இன்றைக்கு யாருக்கும் தெரியாது, வெறும் கேசட்டையும் வேண்டிய பாட்டுகளின் பட்டியலையும் கொடுத்துவிட்டு வரவேண்டும், மூன்று நாள் கழித்துப் போனால் பதிவு செய்து வைத்திருப்பார், உறைக்குள் உள்ள அட்டையில் ஒவ்வொரு பாட்டின் பெயரும் குண்டுக் கையெழுத்தில் வரிசையாக இருக்கும். பட்டியல் முடிந்து பக்கத்தின் கடைசியில் எப்போதும் கொஞ்சம் டேப் மிச்சமாகும், இரண்டு நிமிடம், மூன்று நிமிடம், மற்ற கடைக்காரர்கள் அதைச் சும்மா விடுவார்கள், அல்லது அரைகுறையாக ஒரு சினிமாப் பாட்டைப் போட்டு நடுவில் வெட்டுவார்கள். ராயப்பனுக்கு அது ஆகாது. "டேப்பைக் காலியா விடுறது பாவம் தம்பி," என்பார். மிச்சத்தின் அளவுக்குச் சரியாகப் பொருந்துகிற ஒரு பாட்டைத் தன்னிடம் இருப்பதிலிருந்து தேடி எடுத்து நிரப்புவார், அட்டையில் அதற்குப் பெயர் எழுதமாட்டார், 'மிச்சம்' என்று மட்டும் எழுதுவார். முக்கால்வாசிப் பேர் தங்கள் பாட்டு முடிந்ததும் டேப்பைத் திருப்பிவிடுவார்கள். பதினெட்டு வயது உலகநாதன் திருப்பவில்லை. அவன் கேட்டு வாங்கிய பாட்டெல்லாம் கல்லூரியில் எல்லோரும் கேட்கிற பாட்டுதான், அவனை அவனாக ஆக்கியது மிச்சங்கள், பெயரில்லாமல், யார் பாடினார்கள் என்று தெரியாமல், உறுமிக்கொண்டும் விசும்பிக்கொண்டும் வந்த அந்த மூன்று மூன்று நிமிடங்கள். கூடவே புத்தகம். ரயில்வே காலனியில் யாரோ வெள்ளைக்காரக் குடும்பம் ஊருக்குப் போகும்போது விட்டுப்போனது என்று ஒரு தகரப்பெட்டி நிறைய இங்கிலீஷ் பேய்ப்புத்தகம் வைத்திருந்தார், அட்டை கிழிந்தது, முதல் பக்கம் இல்லாதது, கறிக்கடைக்கு வாங்கிய செய்தித்தாளில் சுற்றிக் கேசட்டோடு சேர்த்துக் கொடுப்பார், "ராத்திரி படிக்காத, பகல்ல படி, பகல்ல பயந்தாத்தான் பயம்," என்பார். அந்தத் தாளில் சில சமயம் ரத்தக்கறை இருக்கும். அதைக் கையால் தொடாமல் விரல் நுனியால் உரிப்பான்.

இப்போது மேடையில் டீ வந்தது. காகிதக் கோப்பையின் விளிம்பில் ஒரு ஈ நடந்தது, அதை ஓட்டினார், அது பரஞ்சோதியின் கோப்பைக்குப் போய்ச் சுற்றிவந்து மறுபடி இவருடையதிலேயே உட்கார்ந்தது. உளுந்து வடையின் எண்ணெய் புதுப்பதிப்பின் அட்டையில் பட்டு வட்டமாகப் பரவியிருந்தது, அட்டையில் பாதி திறந்த ஒரு அலமாரிப் படம், உள்ளே இருட்டு. அந்த அலமாரிக் கதைதான் எல்லாம், மீதி பதினொரு கதையும் அதற்குத் துணைக்கு நிற்பவை, அது பாடப்புத்தகத்தில் வந்தது, இரண்டு மொழிக்குப் போனது, அவருக்கு இப்போதைய வேலையை வாங்கிக் கொடுத்ததும் ஒருவகையில் அதுதான். பூட்டிய அலமாரிக்குள்ளிருந்து யாரோ தட்டுகிறார்கள், வீட்டில் தனியாக இருப்பவன் விளையாட்டுக்குப் பதில் தட்டுகிறான், நாளுக்கு நாள் உள்ளேயிருந்து வரும் தட்டல் பொறுமையிழக்கிறது, ஒருநாள் திறக்கிறான், உள்ளே யாருமில்லை, நுழைந்து பார்க்கிறான், கதவு சாத்திக்கொள்கிறது, பிறகு வெளியே யாரோ நடமாடும் சத்தம் கேட்டு அவன் தட்டத் தொடங்குகிறான். எத்தனை பேர் எத்தனை விதமாக எழுதிவிட்டார்கள் அதைப் பற்றி, நகர மனிதன், மத்தியதர வர்க்கம், மொழிக்குள் சிறைப்பட்டவன் என்றெல்லாம், படித்து முடித்துவிட்டு அவரும் ஆமாம் என்று தலையாட்டியிருக்கிறார். வேகன். அலமாரியே இல்லை, அது வேகன். பட்டறைக்குப் பின்னால் ஒதுக்கிப் போட்ட துருப்பிடித்த சரக்கு வேகன், உள்ளேயிருந்து தட்டல், பழுதுபார்ப்பவன் சுத்தியலால் பதில் தட்டுகிறான். ராயப்பன் நிரப்பிக் கொடுத்த ஒரு மிச்சம், மூன்று நிமிடம் நாற்பது விநாடி. ஒரு கிடார், பின்னால் இரும்பில் இரும்பு அடிக்கிற சத்தம் மட்டும்தான் தாளம், ஒரு குரல் பாதி பாடியும் பாதி முணுமுணுத்தும் இங்கிலீஷில் அந்தக் கதையைச் சொல்லிவிட்டுப் போகிறது. கேட்டபோது மயிர் சிலிர்த்தது. வேகனைத் தூக்கிவிட்டு அலமாரியை வைத்ததுதான் இவருடைய படைப்பு, கொஞ்சம் மர வேலை, தச்சனுக்குத் தரவேண்டிய கூலி.

எங்கிருந்தோ வந்த பாட்டு, எந்தத் தேசமோ, எந்தக் குழுவோ, கேட்ட பாட்டு மனதில் ஊறி வேறொன்றாக வெளியே வருவது எழுத்தாளர்களுக்கெல்லாம் நடப்பதுதானே என்று உலகநாதன் தனக்குத்தானே சொல்லிவந்திருக்கிறார், ஏற்புரைக்காக நேற்று எழுதிய குறிப்பிலும் அதுதான் இருந்தது, சட்டைப் பையில் நாலாக மடித்து, வியர்வையில் நனைந்து. பொய்யடா. எங்கிருந்தோ என்ன எங்கிருந்தோ. பாட்டு முடிந்து ஒரு இரண்டு விநாடி மௌனம், பிறகு ஒரு இருமல், சளி கட்டிய இருமல், அதற்குப் பிறகு தமிழில், மைக்குக்கு ரொம்பப் பக்கத்தில், "மிச்சம் சரியா இருந்துச்சு தம்பி. இது நம்ம பாட்டு. நானே எழுதி நானே பாடுனது. புடிச்சிருந்தா சொல்லு." டேப் முடிந்து பட்டென்று பொத்தான் எகிறியது. அந்த நேரம் அவனுக்கு வந்தது சந்தோஷம் இல்லை, ஆச்சரியம்கூட இல்லை, குமட்டல். இதுதான் இத்தனை வருடமாக யாரிடமும் சொல்லாதது, மனைவியிடம்கூட. கடலுக்கு அப்பால் பனியில் நிற்கிற யாரோ ஒருவன் தனக்காகப் பாடினான் என்று உடம்பெல்லாம் நடுங்கிக்கொண்டிருந்தவனுக்கு, அந்த யாரோ, கறிக்கடைத் தட்டிக்குப் பக்கத்தில் பனியனோடு உட்கார்ந்து கிரீஸ் விரலைத் துண்டில் துடைக்கிற ராயப்பண்ணன் என்று தெரிந்ததும், ஏமாற்றிவிட்டார்கள் என்று இருந்தது. சளி, வெற்றிலை, ஆட்டுக்குடல் வாடை, இதெல்லாம் அந்தப் பாட்டின்மேல் வந்து அப்பிக்கொண்டது. இவ்வளவு பக்கத்திலிருந்து இவ்வளவு பெரியது வரக்கூடாது. மூன்று நிமிடத்தை மட்டும் கேட்டுவிட்டு அந்த இருமலுக்கு முன்னால் நிறுத்தக் கற்றுக்கொண்டான், விரல் பழகிவிட்டது, பதினோரு தடவை, இருபது தடவை, சரியாக இருமலுக்கு ஒரு மூச்சு முன்னால்.

அடுத்த சனிக்கிழமை வேறொரு பட்டியலோடு கடைக்குப் போனான். போகாமல் இருந்திருக்கலாம். ராயப்பன் ஹெட்ஃபோனைக் கழற்றிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார், பார்த்துவிட்டு உடனே பட்டியலைப் படிக்கிற மாதிரி குனிந்துகொண்டார், நாற்பதை நெருங்குகிற மனிதர், ஒர்க்‌ஷாப்பில் பெரிய பெரிய ஆட்களை அதட்டுகிறவர், பரீட்சை முடிவு பார்க்க வந்த பிள்ளை மாதிரி குனிந்து, "கேட்டியா தம்பி?" என்றார். "கேட்டேண்ணே." "முழுசாவா?" அந்த ஒரு கணம். அங்கே அந்தப் பையனை நிறுத்தி இரண்டு அறை கொடுக்கவேண்டும் என்று உலகநாதனுக்குத் தோன்றாத வருடமில்லை. "இல்லண்ணே, என் பாட்டு முடிஞ்சதும் ரீவைண்டு பண்ணிட்டேன்." தட்டிக்கு அந்தப் பக்கம் கத்தி கட்டையில் விழுந்தது. "சரி சரி, அதனால என்ன," என்றார் ராயப்பன், "இது செவ்வாக்கிழமை வந்துரும், வந்து வாங்கிக்க." அதற்குப் பிறகு அவன் வேறு கடைக்கு மாறிவிட்டான், மலைக்கோட்டைப் பக்கம், ஏசி போட்ட கடை, மிச்சத்தைக் காலியாக விடுகிற கடை. பிறகு மெட்ராஸ், வேலை, கல்யாணம். தொண்ணூற்றொன்பதில் அந்த அலமாரிக் கதையை உறையில் போட்டுத் தபால்பெட்டிக்குள் தள்ளிவிட்டு வீட்டுக்கு வந்து, அந்தக் கேசட்டை எடுத்து, பாட்டு முடிகிற இடத்தில் நிறுத்தி, ஓட்டுகிற பொத்தான், பதிவு செய்கிற பொத்தான் இரண்டையும் சேர்த்து அழுத்தினார். யாரும் கேட்கப்போவதில்லை, யாரிடமும் அந்தக் கேசட்டைக் கொடுக்கப்போவதில்லை, இருந்தும் அழித்தார், தனக்கே சாட்சி இருக்கக்கூடாது என்று. அறையில் ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியின் சத்தம் அந்த இடத்தில் பதிவானது. இப்போதும் அந்தப் பாட்டைக் கேட்டால் முடிவில் ஒரு விசிறி சுற்றுகிறது, அதற்குக் கீழே யாரோ மூச்சுவிடுகிறார்கள், அது அவர்தான்.

"ஏற்புரை, ஏற்புரை," என்று அழைப்பு வந்தது. எழுந்தபோது பொன்னாடை நாற்காலியின் ஆணியில் மாட்டிக் கழுத்தைப் பின்னால் இழுத்தது, பரஞ்சோதி பெரிய உதவியாக எடுத்துவிட்டார். மைக்கில் இதுவரை பேசிய ஆறு பேரின் வாய் வாடையும் இருந்தது. எண்ணெய்க் கையோடு குறிப்பை வெளியே எடுத்தார், எங்கிருந்தோ வந்த பாட்டு என்ற முதல் வரி வியர்வையில் ஊறிக் கலங்கியிருந்தது, மடித்துப் பையிலேயே வைத்துவிட்டார். சொல்லிவிடலாம். சொன்னால் என்ன ஆகும், புத்தகம் போகும், பாடப்புத்தகம் போகும், பரஞ்சோதியின் டில்லி நண்பர் வீடு போகும், போகட்டும், எல்லாம் நாறட்டும், அதில் ஒரு சுத்தம் இருக்கும். "பிளாக் சைடிங் என்று ஒரு குழுவே கிடையாது," என்று தொடங்கினார். கறிக்கடை, தட்டி, சங்கு, மிச்சம், தகரப்பெட்டி, வேகன், எல்லாவற்றையும் சொன்னார். பதினெட்டு வயதில் தனக்கு வந்த குமட்டலைச் சொன்னார், ரீவைண்டு பண்ணிட்டேன் என்றதைச் சொன்னார், இரண்டு பொத்தானையும் சேர்த்து அழுத்தியதைச் சொல்லும்போது தன்னையறியாமல் குரலைத் தாழ்த்தினார், மூச்சுவிடுவது நான்தான் என்ற இடத்தில் ஒரு நிறுத்தம் கொடுத்தார். நிறுத்தம் நன்றாக விழுந்தது. அது தெரிந்ததும்தான் பயம் வந்தது. தொண்டையில் அழுகை இருந்தது நிஜம், ஆனால் அந்த அழுகையை எந்த வார்த்தையில் விட்டால் நன்றாயிருக்கும் என்று ஒருவன் உள்ளே உட்கார்ந்து அளந்துகொண்டிருந்தான், இத்தனை வருடம் கதை எழுதிச் சோறு போட்டு வளர்த்தவன், அவனை வெளியே தள்ள முடியவில்லை. "அந்தக் கதை என்னுடையது இல்லை, ராயப்பனுடையது," என்று முடித்தார்.

பிறகு கைதட்டல், பிற்பகலாகிவிட்ட பசியையும் மீறிய நிஜமான கைதட்டல், இரண்டு பேர் எழுந்தே நின்றார்கள். பரஞ்சோதி மைக்குக்கு ஓடிவந்து, "ஏற்புரையையே ஒரு பேய்க்கதையாக்கிவிட்டார் பாருங்கள்," என்றார், "இல்லாத குழு, இல்லாத ராயப்பன், மூச்சுவிடும் டேப்பு, இந்த உத்தி தமிழுக்குப் புதிது. அடுத்த தொகுப்பின் முதல் கதையை நாம் இப்போதே கேட்டுவிட்டோம்." எல்லோரும் சிரித்தார்கள், அன்பாக. இல்லை, இது நிஜம் என்று சொல்ல உலகநாதன் வாயைத் திறந்தார், மைக் பரஞ்சோதியின் கையில் இருந்தது, வாங்கியிருக்கலாம், கையை நீட்டினால் போதும். நீட்டவில்லை. மார்புக்குள் ஏதோ இளகி இறங்கியது, தப்பித்தோம் என்று அது சொன்னதை அவர் தெளிவாகவே கேட்டார். சொல்லியும் ஆயிற்று, ஒன்றும் போகவும் இல்லை. வாயில் வடை எண்ணெய் கசந்து வந்தது, கழிவறைக்குப் போய் வாந்தி எடுத்துவிட்டால் தேவலை என்று மேடையை விட்டு இறங்கினார்.

வரிசையாகப் புத்தகத்தோடு நின்றார்கள். அதைத் தாண்டிச் சுவரோரம் அமலி எழுந்து நின்றாள், அழுத மாதிரியும் இருந்தது, அழாத மாதிரியும் இருந்தது. அவளிடம் போனார். "எல்லாத்தையும் சொல்லிட்டேன்மா," என்றார், அதற்கு ஏதோ கூலி கேட்பதுபோல் ஒலித்தது. "நல்லாப் பேசுனீங்க சார்," என்றாள் அமலி. "எல்லாரும் கதைன்னு நெனச்சுட்டாங்க." "பரவாயில்ல சார், அவங்களுக்கு எங்கப்பாவைத் தெரியாது." பையை இடமிருந்து வலக்கைக்கு மாற்றிக்கொண்டாள். "எல்லாம் சொன்னீங்க. அப்பா கேட்டதை மட்டும் சொல்லலையே சார்."

சொல்லவில்லை. கால் மணி நேரம் பேசியதில் குமட்டல் இருந்தது, பொய் இருந்தது, விசிறி இருந்தது, அவர் இருந்தார், அவர்தான் முழுக்க இருந்தார், அது மட்டும் இல்லை. பதினெட்டு வயதில், கட்டிலில், தலையணையை வயிற்றோடு கட்டிக்கொண்டு, இருபது தடவை. மைக் இல்லை, உள்ளே அளக்கிறவனும் எங்கேயோ போயிருந்தான். "புடிச்சிருந்துச்சும்மா," என்றார். "ரொம்பப் புடிச்சிருந்துச்சு. அதுக்கப்புறம் எதுவும் அந்த அளவுக்குப் புடிக்கலை."

அவள் முகம் மலர்ந்தது. அவ்வளவுதான், ஒரு வார்த்தைக்கு ஒரு முகம் அப்படியே மலர்ந்தது, கண், நெற்றி, எல்லாம், இந்த முகத்தைத்தான் முப்பத்தேழு வருடத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் பட்டியலுக்குக் குனிந்த ராயப்பனின் தலையோடு அவன் அப்படியே விட்டுவிட்டு வந்தான், எவ்வளவு எளிதாக, எவ்வளவு அற்பமாக இருந்திருக்கிறது அது, ஒரு தலையசைப்பு போதுமாயிருந்திருக்கிறது. அவருக்குத் தன் தோலையே உரித்துப் போட்டுவிடலாம்போல் இருந்தது.

"அம்மாகிட்டச் சொல்றேன் சார்," என்றாள் அமலி. "நீங்க ரீவைண்டு பண்ணிட்டேன்னு சொன்னீங்கல்ல, அப்பா அன்னிக்கே நம்பலை. முழுசாக் கேட்டவன் மூஞ்சி எனக்குத் தெரியாதான்னாங்க. வெக்கப்படுறான், பெரியவனானா வந்து சொல்லுவான்னுதான் சொல்லிட்டே இருந்தாங்க."

பின்னால் யாரோ கையெழுத்துக்காகப் பேனாவை நீட்டினார்கள். உலகநாதன் அதை வாங்காமல் நின்றார்.